ஆறு வாரம் மடக்கக் கூடாது! - கொட்டாப்புளி விரலின் கதை

கிரிக்கெட் மைதானம். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கப் பாய்கிறார் ஒருவர். பந்து உள்ளங்கையில் விழாமல், நீட்டிய விரலின் நுனியில் நேராக மோதுகிறது. சுள்ளென்று ஒரு வலி. கையை இரண்டு முறை உதறிவிட்டு மறுபடி ஆடப் போய்விடுவார். ஆட்டம் முடிந்து பார்த்தால் அந்த விரலின் நுனிப் பகுதி மட்டும் தலை குனிந்து நிற்கிறது. மற்றொரு கையால் தூக்கிவிட்டால் நேராகிறது. விட்டால் மறுபடி தொங்கிவிடுகிறது. "சுளுக்குதான், இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று நாட்கள் ஓடுகின்றன. சரியாவதே இல்லை.

இது விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வருகிற காயம் என்று நினைத்துவிட வேண்டாம். மெத்தைக்கு அடியில் பெட்ஷீட்டைச் செருகும்போதும், இறுக்கமான சாக்ஸை இழுத்து மாட்டும்போதும்கூட இதே கதை நடக்கிறது. சில பேருக்கு வலியே பெரிதாக இருக்காது. அதனால்தான் மருத்துவரிடம் போகாமலே விட்டுவிடுகிறார்கள்.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் 'மேலட் ஃபிங்கர்'. மேலட் என்றால் தச்சர்கள் உளியின் தலையில் அடிக்கப் பயன்படுத்தும் மரச் சுத்தியல். நம்மூர்த் தச்சர்கள் கொட்டாப்புளி என்பார்கள். தொங்கும் விரல் நுனி அந்த வடிவத்தை நினைவூட்டியதோ என்னவோ, பெயர் நிலைத்துவிட்டது.

இந்தக் காயத்துக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் சிகிச்சையைக் கேட்டால் சிரிப்பு வரும். விரல் நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தொப்பி. ஊசி இல்லை, தையல் இல்லை, விழுங்க மாத்திரை இல்லை. அதை மாட்டிக்கொண்டு ஆறு முதல் எட்டு வாரம் விரல் நுனியை மடக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்! ஆனால் இந்த 'அவ்வளவுதான்' என்ற இடத்துக்கு வந்து சேர மருத்துவ உலகத்துக்குச் சுமார் நூறு வருடங்கள் பிடித்தன. அந்த நூறு வருடக் கதைதான் இது.

விரலுக்குள் என்ன நடக்கிறது?

விரலை ஆட்டும் தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கைப் பகுதியிலும் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் தசைநாண்கள் கயிறு மாதிரி வந்து விரல் எலும்புகளை இழுக்கின்றன. பொம்மலாட்டத்தில் மேலே இருந்து கயிற்றை இழுத்தால் கீழே பொம்மையின் கை ஆடுகிறதே, அந்த மாதிரி. உள்ளங்கைப் பக்கம் ஓடுவது மடக்கும் கயிறு. புறங்கைப் பக்கம் ஓடுவது நிமிர்த்தும் கயிறு.

நிமிர்த்தும் கயிறு விரல் நுனியை நெருங்க நெருங்க மெலிகிறது. கடைசியில் மெல்லிய தட்டையான பட்டையாகி, நகத்தின் வேருக்குச் சற்றுப் பின்னால் எலும்பில் ஒட்டிக்கொள்கிறது. நுனி மூட்டை நிமிர்த்த இந்தப் பட்டையை விட்டால் வேறு ஆள் கிடையாது. நிமிர்ந்திருக்கும் விரல் நுனியைப் பந்து மாதிரி ஏதாவது ஒன்று திடீரென்று கீழே அமுக்கினால், பட்டை அறுந்துபோகிறது. சில சமயம் பட்டை அறுவதில்லை. தான் ஒட்டியிருந்த எலும்பிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. எப்படி நடந்தாலும் முடிவு ஒன்றுதான். மடக்கும் கயிறு வேலை செய்கிறது, நிமிர்த்தும் கயிறு வேலை செய்யவில்லை. நுனி தொங்கிவிடுகிறது.

இந்தப் பட்டையின் கணக்கு மிக நுணுக்கமானது. 2004-ல் ஷ்வைட்சர், ராயன் என்ற இருவர் இறந்தவர்களின் விரல்களில் செய்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. பட்டை வெறும் 1 மில்லிமீட்டர் நீண்டாலே விரல் நுனி சுமார் 25 டிகிரி தொங்கிவிடுகிறது என்று அதில் தெரிந்தது. அதாவது பட்டை ஒட்டினால் மட்டும் போதாது, பழைய நீளத்திலேயே ஒட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தளர்வாக ஒட்டினாலும் விரல் கோணல்தான். இந்த ஒரு மில்லிமீட்டரை நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை சுலபமாகப் புரியும்.

இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. நுனிக்கு அருகே அறுந்த பட்டை வெகுதூரம் ஓடிவிடுவதில்லை. அக்கம்பக்கத்து இணைப்புகள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. விரலை நேராக நிமிர்த்தி வைத்தாலே அறுந்த இரண்டு முனைகளும் பக்கத்தில் வந்துவிடும். பிறகு உடம்பே அதை ஒட்டவைக்கும். உள்ளங்கைப் பக்கம் இருக்கும் மடக்கும் கயிறு அறுந்தால் நிலைமை வேறு. அதற்கு 'ஜெர்சி ஃபிங்கர்' என்று பெயர். எதிரணி ஆட்டக்காரரின் சட்டையைப் பிடித்து இழுக்கும்போது, பெரும்பாலும் மோதிர விரலில் வருவது. அந்தக் கயிறு அறுந்தால் முனை உள்ளங்கை வரைக்கும்கூட இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்குப் பிளாஸ்டிக் தொப்பி உதவாது, கத்திதான் வேண்டும். அதுவும் சீக்கிரம் வேண்டும். ஒரே விரல் நுனிதான். முன்பக்கக் கயிற்றுக்கு ஒரு நியாயம், பின்பக்கக் கயிற்றுக்கு ஒரு நியாயம்!

கையுறை இல்லாத காலம்

அமெரிக்காவில் இந்தக் காயத்துக்கு 'பேஸ்பால் ஃபிங்கர்' என்று இன்னொரு பெயர். அதற்குக் காரணம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் பேஸ்பாலை வெறுங்கையால்தான் பிடித்தார்கள். கையுறை போடுவது ஆண்மைக்குக் குறைவு என்ற நினைப்பு. பின்னாளில் விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் பெரிய பெயர் எடுத்த ஆல்பர்ட் ஸ்பால்டிங்கும் அந்தக் காலத்து ஆட்டக்காரர்தான். 1875-ல் சார்லஸ் வெயிட் என்ற ஆட்டக்காரர் கையுறையோடு வந்ததைப் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். யார் கண்ணிலும் படக் கூடாது என்று தோல் நிறத்திலேயே கையுறை போட்டிருந்தாராம் வெயிட்! இரண்டு வருடம் கழித்து ஸ்பால்டிங்கே கையுறை போட ஆரம்பித்தார். 1890-களில் அது சாதாரணமாகிவிட்டது. அதற்குள் எத்தனை விரல்கள் கோணியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் இந்தப் பக்கம், பிரான்ஸில், பால் செகோன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். முழங்கால் எலும்பு முறிவு ஒன்றுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். 1880-ல் அவர் ஒரு குறிப்பு வெளியிட்டார். ஒருவரின் சுண்டு விரல் நுனி வலுக்கட்டாயமாக மடக்கப்பட்டதில், நிமிர்த்தும் தசைநாண் தான் ஒட்டியிருந்த இடத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது என்பது குறிப்பின் சாரம். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல்தான். அதற்குப் பதினைந்து வருடம் முன்பே, உள்ளே எலும்பு பெயர்ந்திருக்கிறது என்று ஒருவர் எழுதி வைத்தது சாதாரண விஷயமில்லை.

நோய் புரிந்துவிட்டது. மருந்து? விரலை நிமிர்த்தி ஏதாவது ஒன்றின் மேல் வைத்துக் கட்டுவதுதான். நம்மூரில் எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்களே, அதே யோசனை. ஆங்கிலத்தில் இதை ஸ்பிளின்ட் என்கிறார்கள். 1925-ல் பிலிப் லெவின் என்ற அமெரிக்க மருத்துவர், பேஸ்பால் விரலுக்கு ஓர் எளிய ஸ்பிளின்ட் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். 'எளிய' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நூறு வருடம் முன்பே அந்தச் சொல் வந்துவிட்டது. ஆனால் மருத்துவ உலகம் அதோடு திருப்தி அடையவில்லை.

மாவுக்கட்டின் காலம்

1930-ல் மைக்கேல் மேசன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், கையில் தசைநாண்கள் அறுவதைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் சாய்ந்தது அறுவை சிகிச்சையின் பக்கம். அறுந்த கயிற்றைத் தைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பது இயல்புதானே? ஆனால் தைக்க வேண்டியது காகிதம் மாதிரி மெல்லிய பட்டை. பக்கத்திலேயே நகத்தின் வேர். மேலே ரொம்ப மெல்லிய தோல். தைத்த இடம் பிய்த்துக்கொள்ளலாம், சீழ் பிடிக்கலாம், நகம் கோணலாக வளரலாம்.

கத்தி வேண்டாம் என்று நினைத்தவர்கள் வேறு வழி தேடினார்கள். 1851-ல் டச்சு ராணுவ மருத்துவர் மாத்தைசன், துணியில் பாரிஸ் சாந்தைத் தடவிக் கட்டும் முறையைக் கொண்டுவந்திருந்தார். அதுதான் நமக்குத் தெரிந்த மாவுக்கட்டு. கை கால்களுக்குப் போட்ட அதே மாவுக்கட்டை விரலுக்கும் போட்டால் என்ன? 1937-ல் பிரிட்டனில் ஸ்மில்லி என்ற மருத்துவர் இந்த முறையை விளக்கி எழுதினார். பின்னாளில் முழங்கால் சிகிச்சையில் புகழ் பெற்றவர் இவர்.

ஸ்மில்லியின் கட்டில் ஒரு தந்திரம் இருந்தது. நுனி மூட்டைக் கொஞ்சம் பின்பக்கம் வளைத்து, நடு மூட்டை முன்பக்கம் மடக்கி, இரண்டையும் சேர்த்து மாவுக்கட்டில் பூட்டிவிடுவது. மேஜை மேல் விரல் நுனியை அழுத்தி ஊன்றும்போது விரல் எப்படி வளைகிறது? ஏறக்குறைய அந்த வடிவம். நடு மூட்டை மடக்கினால் பக்கவாட்டுப் பட்டைகள் தளர்ந்து நுனிக் கயிறும் தளரும், அறுந்த முனைகள் இன்னும் நெருங்கி வரும் என்பது கணக்கு. காகிதத்தில் அருமையான கணக்கு.

நடைமுறையில்? ஆறு வாரம் ஒரு விரல் கொக்கி மாதிரி வளைந்து, மாவுக்குள் அடைபட்டிருக்க வேண்டும். பாத்திரம் கழுவ முடியாது, குளிக்கும்போது கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீரும் வியர்வையும் பட்டு மாவு இளகும். வீக்கம் வடிந்ததும் கட்டு தொளதொளக்கும். உள்ளே விரல் மெல்ல மடங்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் போய்விட்டது! நடு மூட்டு இறுகிப்போய் அதுவே தனி உபத்திரவம் ஆவதும் உண்டு. கணக்குப் போட்டவர் மருத்துவர். அதைச் சுமந்தவர் நோயாளி.

உள்ளேயே ஒரு ஸ்பிளின்ட்

வெளியே கட்டினால் நழுவுகிறது. உள்ளேயே பூட்டிவிட்டால்? ஜெர்மானிய அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909-ல் எலும்புக்குள் செலுத்தும் மெல்லிய எஃகுக் கம்பிகளை அறிமுகப்படுத்தியிருந்தார். இன்றைக்கும் அவற்றை 'கே-ஒயர்' என்றுதான் சொல்கிறார்கள். 1952-ல் டொனால்ட் பிராட் என்ற அமெரிக்கர் அந்தக் கம்பியை மேலட் விரலுக்குப் பயன்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். விரல் நுனி வழியாகக் கம்பியைச் செலுத்தி, எலும்போடு எலும்பாக விரலை அசையாமல் நிறுத்திவிடுவது. அவரே இதற்கு 'உள் ஸ்பிளின்ட்' என்று பெயர் வைத்தார்.

இதில் நோயாளி கழற்றிவிடுவார் என்ற பயம் இல்லை. கழற்றவே முடியாது! ஆனால் கம்பி நுழைந்த வழியில் கிருமியும் நுழையலாம். கம்பி வளையலாம், உடையலாம். ஒரு விரல் நுனி தொங்குவதைச் சரிசெய்யப் போய் மூட்டே கெட்டுப்போனால் என்ன செய்வது?

இப்படியாக 1950-களின் முடிவில் நிலைமை இது: தைப்பவர்கள் ஒரு பக்கம், மாவுக்கட்டுக்காரர்கள் ஒரு பக்கம், கம்பிக்காரர்கள் ஒரு பக்கம். ஒவ்வொருவரும் தன் நோயாளிகளைக் காட்டி "பாருங்கள், நன்றாகத்தான் ஆகியிருக்கிறது" என்றார்கள். எது உண்மையிலேயே நல்லது என்று ஒன்றோடு ஒன்றை வைத்து ஒப்பிட்டவர் யாரும் இல்லை.

பிளாஸ்டிக் தொப்பி வந்தது

1960-களில் பிரிட்டனில் கதை திரும்பியது. ஜார்ஜ் அபௌனா என்ற மருத்துவர், ரப்பர் உறை போட்ட கம்பியை வளைத்து ஒரு சின்ன ஸ்பிளின்ட் செய்தார். பின்னாளில் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சையில், குறிப்பாகக் குவைத்தில், பெயர் பெற்றவர் இவர். சிறுநீரகம் மாற்றப் போகிறவர் அதற்கு முன் ஒரு விரல் நுனிக்காகக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார் என்பதே ஒரு சுவாரசியம். 1968-ல் அவரும் பிரவுன் என்பவரும் சேர்ந்து, தொடர்ச்சியாக வந்த 148 பேரின் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். இதில் முக்கியமான விஷயம், அந்த ஸ்பிளின்ட் நுனி மூட்டை மட்டும்தான் பிடித்தது. நடு மூட்டு சுதந்திரமாக ஆடியது. ஸ்மில்லியின் கொக்கி வடிவம் தேவையில்லை என்பதுதான் இதன் பொருள். முப்பது வருடம் கழித்து, 1999-ல், காட்ஸ்மனும் அவர் குழுவினரும் இறந்தவர்களின் விரல்களில் இதைச் சோதித்தார்கள். நடு மூட்டு ஆடினாலும் அறுந்த முனைகள் விலகுவதில்லை என்று தெரிந்தது. ஆறு வாரம் கொக்கி விரலோடு திரிந்தவர்கள் வீணாகத்தான் திரிந்திருக்கிறார்கள்!

அதே வேளையில் கிரஹாம் ஸ்டாக் என்ற பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் வார்ப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு ஸ்பிளின்ட் செய்தார். 1969-ல் 'தி ஹேண்ட்' என்ற கை மருத்துவ இதழின் முதல் தொகுதியில் மேலட் விரலைப் பற்றி அவர் எழுதினார். தையல்காரர்கள் ஊசி குத்தாமல் இருக்க விரல் நுனியில் ஓர் உலோகத் தொப்பி மாட்டிக்கொள்வார்களே, அதையே பிளாஸ்டிக்கில் செய்து கொஞ்சம் நீட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் 'ஸ்டாக் ஸ்பிளின்ட்'. பல அளவுகளில் கிடைக்கும். விரலுக்குப் பொருந்துவதை எடுத்து மாட்டி, மேலே ஒரு டேப் சுற்றினால் முடிந்தது. தண்ணீர் பட்டால் கரையாது. எடை தெரியாது. விலையும் குறைவு. மருத்துவமனை அலமாரியில் ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

அறுவை அரங்கு வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், மாவு குழைக்க ஆள் வேண்டாம். செலவுக் கணக்கில் மட்டும் பார்த்தாலே மற்ற முறைகள் பக்கத்தில் வர முடியாது. ஆனால் மலிவானது என்பதற்காக நல்லது என்று சொல்லிவிட முடியுமா? இங்கேதான் கதையின் முக்கியமான பகுதி வருகிறது.

சோதனைக் கூண்டில் நான்கு ஸ்பிளின்ட்கள்

1980-களில் ஒப்பீட்டுச் சோதனைகள் தொடங்கின. 1982-ல் ஆக்கின்க்ளாஸ் என்பவர் கம்பியையும் வெளி ஸ்பிளின்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார். கம்பிதான் மேல் என்று சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் வரவில்லை. 1986-ல் கின்னின்மன்த், ஹோல்பர்ன் இருவரும் துளைகள் போட்ட ஒரு புது ஸ்பிளின்டை வழக்கமான ஸ்பிளின்டோடு ஒப்பிட்டார்கள். 1988-ல் வாரனும் அவர் குழுவினரும் ஸ்டாக்கின் பிளாஸ்டிக்கையும் அபௌனாவின் கம்பியையும் மோதவிட்டார்கள். விரல் குணமானதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நோயாளிகளுக்குப் பிடித்தது ஸ்டாக். 1993-ல் அளவெடுத்துச் செய்யும் அலுமினிய ஸ்பிளின்ட் ஒன்றும் ஸ்டாக்கோடு ஒப்பிடப்பட்டது.

இடையில் 1988-ல் அமெரிக்காவில் ஸ்டெர்ன், காஸ்ட்ரப் இருவரும் 123 மேலட் விரல்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எண்ணியது வெற்றிகளை அல்ல, சிக்கல்களை. ஸ்பிளின்ட் போட்டவர்களில் 45 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சிக்கல். அறுவை செய்துகொண்டவர்களில் 53 சதவீதம். எண்களைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை போலத் தோன்றும். ஆனால் ஸ்பிளின்ட்காரர்களின் சிக்கல்கள் பெரும்பாலும் தோல் ஊறிப்போவது, சிவப்பது, புண்ணாவது போன்றவை. கொஞ்ச நாளில் போய்விடுபவை. அறுவையின் சிக்கல்களோ பெரும்பாலும் தங்கிவிட்டன. ஒன்று கைமாற்றுக் கடன் என்றால் மற்றது பரம்பரைக் கடன்!

2004-ல் காக்ரேன் அமைப்பு இந்தச் சோதனைகளை எல்லாம் சேர்த்து ஆராய்ந்தது. மருத்துவச் சோதனைகளைச் சல்லடை போட்டுச் சலிப்பதுதான் அந்த அமைப்பின் வேலை. சல்லடையில் தங்கியவை நான்கே நான்கு சோதனைகள். எந்த ஸ்பிளின்ட் சிறந்தது என்று சொல்லவும், எப்போது அறுவை தேவை என்று தீர்மானிக்கவும் போதுமான ஆதாரம் இல்லை என்று அது சொன்னது. ஆனால் ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டது. நோயாளி சொன்னபடி தொடர்ந்து ஸ்பிளின்டைப் போட்டிருக்கிறாரா என்பதுதான் மையமான விஷயம். ஸ்பிளின்ட் அன்றாட வேலைகளைத் தாங்கும்படி உறுதியாக இருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

அதற்குப் பிறகு வந்த சோதனைகளும் இதே திசையில்தான் போயின. 2010-ல் பைக்கும் அவர் குழுவினரும் விரலின் கீழ்ப்பக்கம் வைக்கும் ஸ்பிளின்ட், மேல்பக்கம் வைக்கும் ஸ்பிளின்ட், அளவெடுத்துச் செய்த ஸ்பிளின்ட் என்று மூன்றை ஒப்பிட்டார்கள். விரல் நிமிர்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. 2011-ல் ஓ'பிரையன், பெய்லி இருவர் செய்த சோதனையிலும் கடைசியில் விரல் நிமிர்ந்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வெந்நீரில் இளக்கி விரலுக்கு ஏற்றபடி வார்க்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் போட்டவர்களுக்குத் தோல் தொந்தரவும், சிகிச்சை பாதியில் கெடுவதும் குறைவாக இருந்தன.

எலும்பு பெயர்ந்திருந்தால்? தாமதமாக வந்தால்?

"சரி, கயிறு மட்டும் அறுந்தால் ஸ்பிளின்ட் போதும். செகோன் பார்த்தது போல எலும்பும் பெயர்ந்திருந்தால்?" என்று கேட்கலாம். வெகுகாலம் அப்படிப்பட்ட விரல்களை அறுவைக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தது. 1984-ல் வெஹ்பே, ஷ்னைடர் இருவரும் அந்த வழக்கத்தையே கேள்வி கேட்டார்கள். எலும்புச் சில்லு பெரிதாக இருந்தாலும், மூட்டு கொஞ்சம் விலகியிருந்தாலும்கூட பெரும்பாலான விரல்களுக்கு ஸ்பிளின்ட் போதும் என்பது அவர்கள் முடிவு. மூட்டு விலகிய விரல்களைப் பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு தீரவில்லை. அப்படிப்பட்டவற்றுக்கும், வெட்டுக்காயத்தோடு தசைநாண் அறுந்தவற்றுக்கும் அறுவை செய்வது உண்டு. அதனால்தான் எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

தாமதத்தைப் பற்றியும் ஒரு நல்ல செய்தி. 1994-ல் கார்பர்மனும் அவர் குழுவினரும், காயம் பட்டதும் ஸ்பிளின்ட் போட்டவர்களையும் நான்கு வாரத்துக்கு மேல் கழித்துப் போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். தாமதமாக வந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. "ஒரு மாதம் ஆகிவிட்டதே, இனிமேல் போய் என்ன பிரயோஜனம்" என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்களுக்கு இது தெரிய வேண்டும். அப்படியே விட்டுவிட்டால் சிலருக்கு நுனி மடங்கியும் நடு மூட்டு பின்பக்கம் வளைந்தும் விரல் அன்னத்தின் கழுத்து போல ஆகிவிடுகிறது.

ஆறு வாரம் யாருடைய வேலை?

இந்தச் சோதனைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. மாவு, கம்பி, ரப்பர், பிளாஸ்டிக், அலுமினியம் என்று பொருள் மாறிக்கொண்டே வந்தது. விரல் குணமாவதில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஏனென்றால் விரலைக் குணப்படுத்தியது அந்தப் பொருள் அல்ல. ஆறு வாரம் மடங்காமல் இருந்ததுதான். ஸ்பிளின்டின் நூறு வருட வரலாறு உண்மையில் சிகிச்சையின் வரலாறு அல்ல. 'மடக்காதே' என்ற ஒரே ஒரு கட்டளையை ஒரு சாதாரண மனிதன் எப்படித் தாங்கிக்கொள்வான் என்று தேடிய வரலாறு. தண்ணீர் படாமல் இருக்க முடியாதவருக்கு மாவு உதவாது. தோல் புண்ணானவர் கழற்றி எறிந்துவிடுவார். ஸ்டாக்கின் தொப்பி ஜெயித்தது அது புத்திசாலித்தனமானது என்பதால் அல்ல, போட்டுக்கொண்டு வாழ முடிந்தது என்பதால்.

நாற்பத்திரண்டு நாள். கேட்கச் சுலபம். ஆனால் குளிக்கும்போது, தூங்கும்போது, சாப்பிடும்போது, பேனா பிடிக்கும்போது என்று எந்நேரமும் நுனி நேராகவே இருக்க வேண்டும். ஸ்பிளின்டைக் கழற்றித் தோலைத் துடைத்து உலர்த்துவது அவசியம்தான். ஆனால் அப்போதும் விரலை மேஜை மேல் தட்டையாக வைத்துக்கொண்டோ, மற்றொரு கையால் நுனியைத் தாங்கிக்கொண்டோதான் கழற்ற வேண்டும். "எப்படி இருக்கிறது பார்ப்போம்" என்று முப்பதாவது நாள் ஒரே ஒரு முறை மடக்கிப் பார்த்தால், புதிதாக ஒட்டியது நீண்டுவிடலாம் அல்லது பிய்ந்துவிடலாம். அப்படி ஆனால் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணச் சொல்வார்கள். கையிருப்பை அடுத்த நாளுக்கு எடுத்துச் செல்ல முடியாத கணக்குப் புத்தகம் இது! ஆறு, எட்டு வாரம் முடிந்த பிறகும் இன்னும் சில வாரங்கள் இரவில் மட்டும் போடச் சொல்வது வழக்கம்.

ரொம்பவும் பின்பக்கம் வளைத்துக் கட்டுவதும் தப்பு. நுனி மூட்டை அதிகம் பின்னுக்கு வளைத்தால் மேலே உள்ள தோல் வெளிறிவிடுகிறது, அதாவது ரத்த ஓட்டம் குறைகிறது என்று 1987-ல் ராயன், மல்லின்ஸ் இருவரும் காட்டினார்கள். அந்த நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் தோல் செத்துவிடும். அதிக ஆர்வமும் ஆபத்துதான்.

விரல் நுனி தொங்கினால் சுளுக்கு என்று நீவிவிடாமல், ஒரு ஐஸ் குச்சியை வைத்தாவது விரல் நுனியை நேராக நிறுத்திக்கொண்டு மருத்துவரைப் பார்ப்பதே நல்லது. நுனியை மடக்கவே முடியவில்லை என்றால் அது அறுவை தேவைப்படும் ஜெர்சி விரலாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். எது எந்த வகை என்று சொல்வது மருத்துவர் வேலை. எக்ஸ்-ரே பார்ப்பதும் சரியான அளவு ஸ்பிளின்டைத் தேர்ந்தெடுப்பதும் அவர் வேலை. அதை மாட்டிவிட அவருக்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த நாற்பத்திரண்டு நாளும் வேலை பார்க்க வேண்டியவர் விரலுக்குச் சொந்தக்காரர்தான்.